தண்ணீர் பட்டால் கொப்புளம் வருமா?

சூடு படாத கை எந்த வீட்டுப் பெண்ணுக்காவது உண்டா? தோசைக்கல்லின் விளிம்பு, குக்கர் ஆவி, அப்பளம் பொரிக்கும்போது தெறிக்கிற எண்ணெய், இஸ்திரிப் பெட்டி என்று ஏதாவது ஒன்று நம் கையில் ஒரு கோடு இழுத்துவிட்டுத்தான் போகும். "ஸ்ஸ்..." என்று கையை உதறிவிட்டு அடுத்த தோசையை ஊற்றப் போய்விடுவோம். நமக்கு ஆனால் சரி. குழந்தைக்கு ஆனால்?

நான் டாக்டருமில்லை, நர்ஸுமில்லை. பத்தாவது வரைக்கும் படித்துவிட்டுக் கல்யாணம் ஆகித் திருச்சிக்கு வந்தவள். இதை எழுத எனக்கு இருக்கிற ஒரே தகுதி, ஒரு பெரிய தப்பைச் செய்தவள் என்பதுதான். பதிமூன்று வருஷம் அந்தத் தப்பை இன்னொருவர் தலையில் விட்டுவிட்டுச் சும்மா இருந்தேன். அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

2009-ஆம் வருஷம், பொங்கல் முடிந்த மறுவாரம். காலை நேரத்தில் நல்ல குளிர். அப்போது எங்கள் வீட்டில் கீஸர் கிடையாது. காஸ் அடுப்பில் வெந்நீர் போட்டு, குண்டானோடு தூக்கிக்கொண்டுபோய்க் குளியலறையில் விளாவிக் குளிப்பாட்டுவதுதான் வழக்கம். அன்றும் அப்படித்தான் கொதிக்கக் கொதிக்கக் கொண்டுபோய்த் தரையில் வைத்தேன். பக்கெட்டில் பச்சைத் தண்ணீர் இல்லை. குழாயைத் திறக்கத் திரும்பினேன். ஒரு நிமிஷம்கூட இருக்காது. இரண்டரை வயசுப் பெண், "அம்மா, நானு!" என்று ஓடி வந்து குண்டானைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். இடது கை முழங்கை வரை உள்ளே போய்விட்டது.

அவள் அலறிய அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது. மாமியார் கூடத்திலிருந்து ஓடி வந்தார். வந்த வேகத்திலேயே குழாயடியில் இருந்த சொம்பில் தண்ணீரை மொண்டு, "முதல்ல தண்ணி ஊத்தும்மா, தண்ணி ஊத்து!" என்று நீட்டினார். நான் அந்தச் சொம்பைத் தட்டிவிட்டேன்.

"ஐயோ அத்தை, தண்ணி பட்டா கொப்புளம் வந்துடும்!"

சின்ன வயசிலிருந்து கேட்டு வளர்ந்த வார்த்தை அது. எங்கள் தெருவில் எல்லாருமே அப்படித்தான் சொல்வார்கள். மாடத்தில் இருந்த டூத் பேஸ்ட்டை எடுத்து, பிதுக்கிப் பிதுக்கி அந்தப் பிஞ்சுக் கை முழுக்க அப்பினேன். தொட்டால் ஜில்லென்று இருக்கிறதே, எரிச்சலை இழுத்துவிடும் என்று நினைப்பு! குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரி போய்ச் சேர அரை மணி ஆயிற்று.

டாக்டர் கையைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "இதை யாரு தடவினது?" என்றுதான். என் கணவர் திரும்பித் தன் அம்மாவைப் பார்த்தார். டாக்டரும் பார்த்தார். "இந்தப் பெரியவங்க சொல்ற வைத்தியத்தை எல்லாம் ஏம்மா கேக்கறீங்க?" என்று என்னைத்தான் கடிந்துகொண்டார். அத்தை ஒன்றுமே சொல்லவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். நானும் ஒன்றும் சொல்லவில்லை.

அந்தப் பேஸ்ட்டை எடுக்கப் பட்ட பாடு! காய்ந்து தோலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எடுத்தால்தான் எவ்வளவு ஆழமாக வெந்திருக்கிறது என்று பார்க்க முடியும். குழந்தையைக் குழாயடிக்குத் தூக்கிப் போனார்கள். தண்ணீரைத் திறந்துவிட்டு, கையை அதன் அடியில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவினார்கள். அத்தை சொம்பில் நீட்டியது அந்தத் தண்ணீரைத்தான்.

அடுப்பை அணைத்தாலும் சூடு போவதில்லை

கொப்புளம் தண்ணீரால் வருவதில்லை, சகோதரிகளே. சூட்டால் வருகிறது. தாளித்துவிட்டு அடுப்பை அணைத்த பிறகும் வாணலியில் கடுகு வெடித்துக்கொண்டே இருக்கிறதல்லவா? அதுபோலத்தான் நம் தோலும். கையை வெளியே எடுத்துவிட்டாலும் உள்ளே போன சூடு அடுத்தடுத்த அடுக்குகளை வேகவைத்துக்கொண்டே இருக்கும். அதைத் தணிக்கத்தான் தண்ணீர். உடனே ஊற்றினால் காயம் ஆழமாகாது, வலியும் குறையும், பிற்பாடு தழும்பும் குறையும்.

ஒரு சொம்பு ஊற்றிவிட்டு நிறுத்தக் கூடாது. ஓடுகிற குழாய்த் தண்ணீரில் முழுசாக 20 நிமிஷம் காட்ட வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பதட்டத்தில் 2 நிமிஷம்கூட 20 நிமிஷமாகத் தோன்றும். குழாயில் தண்ணீர் வரவில்லையா, குடத்திலிருந்து மொண்டு மொண்டு ஊற்றுங்கள். உடனே ஊற்ற முடியாமல் போனாலும், சூடு பட்ட 3 மணி நேரத்துக்குள் எப்போது ஊற்றினாலும் பலன் உண்டு. அதனால்தான் அரை மணி கழித்துப் போன குழந்தையையும் குழாயடிக்கு எடுத்துப் போனார்கள்.

"தண்ணியே நல்லதுன்னா ஐஸ் இன்னும் நல்லதாச்சே?" என்று கேட்பீர்கள். ஐஸ் வேண்டவே வேண்டாம். அளவுக்கு மீறிய குளிர்ச்சி ரத்த ஓட்டத்தைச் சுருக்கி, ஏற்கெனவே வெந்த தோலை மேலும் கெடுத்துவிடும். ஃபிரிட்ஜ் தண்ணீரும் தேவையில்லை. சாதாரணக் குழாய்த் தண்ணீர் போதும்.

கைக்குழந்தைக்கோ சின்னக் குழந்தைக்கோ உடம்பில் பெரிய இடத்தில் சூடு பட்டிருந்தால், காயத்தில் மட்டும் தண்ணீர் படட்டும். மற்ற இடத்தைப் போர்த்திவிடுங்கள். குழந்தை நடுங்க ஆரம்பித்தால் தண்ணீரை நிறுத்திவிட்டு, போர்த்தி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

எது லேசு, எது ஆபத்து?

அந்த மூன்று வாரமும் கட்டு மாற்ற ஒருநாள் விட்டு ஒருநாள் ஆஸ்பத்திரிக்கு நடந்தேன். அப்போது அங்கே கேட்டும் பார்த்தும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

மேல் தோல் மட்டும் சுட்டிருந்தால் சிவந்துபோகும், எரியும், கொப்புளம் இருக்காது. நம் மாநிறத்திலும் கறுப்பு நிறத்திலும் சிவப்பு சட்டென்று தெரியாது. அந்த இடம் சூடாக இருக்கும், தொட்டால் வலிக்கும். இது ஒரு வாரத்துக்குள் தழும்பில்லாமல் ஆறிவிடும்.

அதற்கு அடுத்தது, கொப்புளம் போடுவது. உள் தோல் வரைக்கும் சூடு போயிருக்கிறது என்று அர்த்தம். ஈரமாக, பளபளவென்று இருக்கும், காற்றுப் பட்டாலே உயிர் போகிற மாதிரி வலிக்கும். ஆழம் குறைவென்றால் இரண்டு மூன்று வாரத்தில் ஆறிவிடும். அதற்கு மேல் இழுத்தால் தழும்பு விழும். என் பெண்ணுக்கு ஆனது இந்த ரகம்தான்.

மூன்றாவதுதான் நம்மை ஏமாற்றுவது. தோல் முழுக்க வெந்து, வெள்ளையாகவோ பழுப்பாகவோ கருகியோ, தோல்பை மாதிரி விறைப்பாக இருக்கும். ஆனால் அந்த இடத்தில் வலி இருக்காது! வலி தெரிவிக்கிற நரம்பு முனைகளே வெந்துபோயிருப்பதால்தான் வலிக்கவில்லை. "நல்லவேளை, வலிக்கலைன்னு சொல்றான்" என்று வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள். இது தானாக ஆறாது. பெரும்பாலும் வேறு இடத்திலிருந்து தோல் எடுத்து வைக்க வேண்டியிருக்கும்.

அகலமும் முக்கியம். காயம் பட்டவருடைய விரல்களோடு சேர்ந்த உள்ளங்கை, அவர் உடம்பில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு. குழந்தையின் காயத்தைக் குழந்தையின் கையாலேயே அளக்க வேண்டும், நம் கையால் அல்ல. அதைவிடப் பெரிதாக இருந்தால் டாக்டரிடம் போக யோசிக்கவே வேண்டாம். முகம், கை, பாதம், மூட்டு, மறைவிடம் ஆகிய இடங்களில் பட்டாலும், கையையோ காலையோ சுற்றி வளைத்துப் பட்டாலும், சிறியதாக இருந்தாலும் போகத்தான் வேண்டும். சின்னக் குழந்தைகள், வயசானவர்கள், சர்க்கரை வியாதிக்காரர்கள், கர்ப்பிணிகள் விஷயத்திலும் அப்படியே. புகைக்குள் மாட்டிக்கொண்டவருக்குக் குரல் கம்மினாலோ, மூக்கு முடி கருகியிருந்தாலோ, வெளியே காயமே இல்லையென்றாலும் 108-க்குப் போன் செய்துவிடுங்கள். மூச்சுக்குழாய் வீங்கி அடைத்துக்கொள்ளலாம்.

தண்ணீர் ஓடும்போதே செய்ய வேண்டியது

வளையல், மோதிரம், மெட்டி, கொலுசு, கைக்கயிறு எல்லாவற்றையும் உடனே கழற்றிவிடுங்கள். கொஞ்ச நேரத்தில் வீங்கிவிடும், பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டும். காயத்தின் மேல் உள்ள துணியையும் எடுத்துவிடுங்கள். ஆனால் தோலோடு ஒட்டிக்கொண்ட துணியை இழுக்காதீர்கள். சுற்றி வெட்டி விட்டுவிடுங்கள், டாக்டர் பார்த்துக்கொள்வார்.

இருபது நிமிஷம் ஆனதும், துவைத்து வைத்த மெல்லிய பருத்தித் துணியால் தளர்வாக மூடுங்கள். பழைய வேட்டி நல்லது. பஞ்சை வைக்காதீர்கள், இழை ஒட்டிக்கொள்ளும். கொப்புளத்தை ஊசியால் குத்தாதீர்கள். அதுதான் கிருமி உள்ளே போகாமல் காக்கிற மூடி. தடுப்பு ஊசி போட வேண்டுமா என்று டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இங்க், தோசை மாவு, மஞ்சள், காப்பித்தூள், வெண்ணெய், முட்டை வெள்ளைக் கரு, டூத் பேஸ்ட் எதுவுமே வேண்டாம். சூட்டை உள்ளேயே வைத்து மூடும், கிருமி சேரும், டாக்டருக்குக் காயத்தின் ஆழமும் தெரியாமல் போகும். எடுக்கும்போது குழந்தை படுகிற வேதனை இருக்கிறதே, அதைப் பார்த்தவள் சொல்கிறேன்.

சூடு பலவிதம்

எண்ணெய் சுட்டாலும் தோலில் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். ஆனால் வாணலி எண்ணெயே தீப்பிடித்துக்கொண்டால் அதில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விடக் கூடாது, தீ குபீரென்று கூரை வரை எழும்பும். அடுப்பை அணைத்து, பெரிய தட்டால் மூடிவிட்டு விலகி நில்லுங்கள். வாணலியைத் தூக்கிக்கொண்டு ஓடவே கூடாது.

புடவையில் தீப்பிடித்தால் ஓடாதீர்கள். ஓட ஓடக் காற்றுப் பட்டுத் தீ வளரும். தரையில் படுத்து உருளுங்கள். பக்கத்தில் இருப்பவர் கெட்டியான பருத்திப் போர்வையைப் போட்டு அமுக்கலாம், தண்ணீரையும் கொட்டலாம். நைலான், பாலியஸ்டர் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். அடுப்படியில் நிற்கும்போதாவது பருத்தி உடுத்துங்கள்.

கழிப்பறை கழுவுகிற ஆஸிட் பட்டால், உடனே தண்ணீர், நிறையத் தண்ணீர். 20 நிமிஷத்துக்குக் குறையவே கூடாது. ஆஸிட்டுக்கு மாற்று என்று சோடா உப்பைப் போட வேண்டாம். காய்ந்த சுண்ணாம்புத் தூள் பட்டால் முதலில் உலர்ந்த துணியால் தட்டிவிட்டு, பிறகு தண்ணீர். கண்ணில் பட்டால் மூக்குப் பக்கமிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் ஓடட்டும், நல்ல கண்ணில் வழியக் கூடாது. உடனே கண் டாக்டரிடம் போய்விட வேண்டும்.

கரண்ட் அடித்தவரைத் தொடாதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள். வெளியே சின்னப் புள்ளியாகத் தெரியும், உள்ளே தசையும் இதயமும் பாதிக்கப்பட்டிருக்கலாம். எழுந்து நன்றாகப் பேசினாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் இதயத் துடிப்பைப் பார்த்துவிடுங்கள்.

தீபாவளியில் பாவம் போலத் தோன்றுகிற கம்பி மத்தாப்பு, எரியும்போது ஏறத்தாழ 1000 டிகிரி சூடு. அணைந்த கம்பியை மிதித்துத்தான் பாதி பிள்ளைகள் காலைச் சுட்டுக்கொள்கிறார்கள். பக்கத்தில் ஒரு பக்கெட் தண்ணீர் வைத்து, எரிந்த கம்பியை அதில் போடப் பழக்குங்கள்.

குழந்தைக்குக் குளிக்க விளாவும்போது பச்சைத் தண்ணீரை முதலில் ஊற்றிவிட்டுத்தான் வெந்நீரைக் கலக்க வேண்டும். குழந்தைத் தோல் நம் தோலைவிட மெல்லிசு. கொதிக்கவே வேண்டாம், 60 டிகிரி சூடு சில விநாடி பட்டாலே ஆழமாக வெந்துவிடும். அன்று நான் பக்கெட்டில் முதலில் தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

அத்தை சொன்னது

என் பெண்ணின் இடது முழங்கைக்குக் கீழே வெற்றிலை அளவுக்கு ஒரு தழும்பு இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் யாராவது கேட்டால், "சின்ன வயசுல வெந்நீர்ல கைவிட்டுட்டேன், பாட்டி பேஸ்ட் தடவிட்டாங்க" என்பாள். அப்படித்தான் வீட்டில் பேச்சு. நான் திருத்தியதில்லை. அத்தையும் திருத்தியதில்லை.

2022-இல், ஆடி மாசத்தில் ஒருநாள். நான் ரேஷன் கடைக்குப் போயிருந்தேன். அத்தை சாம்பார் இறக்கும்போது கை நழுவிப் பாதத்தில் கொட்டிவிட்டது. நான் வீட்டுக்குள் நுழையும்போது, குளியலறையில் ஸ்டூல் போட்டு அத்தை உட்கார்ந்திருக்கிறார். கால் குழாயடியில். என் பெண் மெட்டியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "இன்னும் பதினோரு நிமிஷம் பாட்டி" என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு வயசு பதினாறு. தழும்பு கையில் இருப்பதால் இதையெல்லாம் தேடிப் படித்து வைத்திருக்கிறாள்.

"எல்லாரும் உங்களை மாதிரி பயந்துட்டுப் பேஸ்ட் தடவுவாங்களா பாட்டி? தண்ணிதான் மருந்து" என்றாள் விளையாட்டாக. அத்தை சிரித்தார். அவ்வளவுதான். எனக்குத் தாங்கவில்லை.

"பாட்டி தடவலைடி. நான்தான் தடவினேன். பாட்டி தண்ணி கொண்டுவந்தாங்க, நான் தட்டிவிட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டு அங்கேயே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

என் பெண் என்னையும் பாட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஏன் பாட்டி நீங்க சொல்லவே இல்லை?" என்று கேட்டாள்.

"பெத்தவளுக்கு அன்னிக்கே வெந்துபோச்சு. அதுக்கு மேல நான் வேற சொல்லணுமா?" என்றார் அத்தை. பிறகு தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார். கல்யாணங்களுக்குச் சமைத்துப் போடுகிறவராம். எந்த ஊரில் கோட்டை அடுப்பு மூட்டினாலும் பக்கத்திலேயே ஓர் அண்டா தண்ணீர் நிரப்பி வைத்துவிடுவாராம். யாருக்குச் சூடு பட்டாலும் முதலில் கை அந்த அண்டாவுக்குள்தான் போகுமாம். படிக்காதவர் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த அத்தைக்கு, என் பத்தாவது படிப்பைவிட நல்ல பாடம் தெரிந்திருந்தது.

அன்று மாலையே என் கணவரிடமும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, எழுந்துபோய் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். டாக்டரிடம் காட்டினோம். பாதத்தில் நாலைந்து சின்னக் கொப்புளங்களோடு போயிற்று. இரண்டு வாரத்தில் அத்தை மறுபடியும் அடுப்படியில்.

இன்று ராத்திரி எல்லாரும் சாப்பிட உட்காரும்போது இரண்டு நிமிஷம் இதைப் பேசிவிடுங்கள். வேலைக்கு வருகிற அம்மாவுக்கும், பிள்ளையைப் பார்த்துக்கொள்கிற தாத்தா பாட்டிக்கும், பத்து வயசுப் பையனுக்கும் தெரியட்டும். சூடு பட்டால் முதலில் குழாயடி, இருபது நிமிஷம், பிறகுதான் மற்றதெல்லாம். அவசரத்துக்கு 108, காஸ் கசிந்தால் 1906 என்று இரண்டு எண்களையும் எழுதிச் சமையலறைக் கதவின் பின்னால் ஒட்டிவையுங்கள். எங்கள் வீட்டுக் கதவில் என் பெண் எழுதி ஒட்டியிருக்கிறாள். அதற்குக் கீழே, "அம்மா, பேஸ்ட் பல்லுக்கு" என்றும் எழுதியிருக்கிறாள். நான் அதைக் கிழிக்கவில்லை.